ஒரு வாக்கியப் பதில்

அன்புள்ள ஐயா,

2025 செப்டம்பரில் பிரிட்டன், கனடா, பிரான்ஸ் எல்லாம் பாலஸ்தீனத்தை அங்கீகரித்துவிட்டன. இனியாவது இஸ்ரேலியரும் பாலஸ்தீனரும் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்ள வழி பிறக்குமா? ஒரு நாடா, இரு நாடா, எது தீர்வு? எனக்கென்னவோ இரண்டு பக்கமும் வெறியர்கள்தான், அடித்துக்கொண்டு ஓயட்டும் என்று தோன்றுகிறது. பாலஸ்தீனத் தலைவர் அரபாத் காலத்திலேயே எல்லாம் கையெழுத்தாகிவிட்டது. பிறகும் பாலஸ்தீனர்கள் ஏன் இஸ்ரேலை ஏற்க மறுக்கிறார்கள்?

கே., திண்டுக்கல்

அன்புள்ள கே.,

உங்கள் கடைசிக் கேள்விக்காகத்தான் இந்தப் பதில். அரபாத் காலத்தில் கையெழுத்தான அந்தக் கடிதங்களைத்தான் சில வாரங்களாகத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு முன் ஒன்று. ‘அடித்துக்கொண்டு ஓயட்டும்’ என்று இனி யாருக்கும் எழுதாதீர்கள். காசாவில் பல்லாயிரம் பேர் செத்திருக்கிறார்கள், அதில் பால்குடி மாறாத பிள்ளைகள் எத்தனையோ. அந்தப் பிள்ளைகள் என்ன வெறியைக் கண்டார்கள்? 2023 அக்டோபர் 7 அன்று பேரி என்ற இஸ்ரேலியக் கூட்டுக் குடியிருப்பில் (கிப்புட்ஸ்) ஹமாஸ் கொன்றவர்களில் விவியன் சில்வர் என்ற எழுபது வயதைக் கடந்த பெண்ணும் ஒருவர். காசா நோயாளிகளைத் தன் காரில் ஏற்றி இஸ்ரேலிய மருத்துவமனைகளுக்கு அழைத்துப்போனவர், சமாதானத்துக்காகப் பெண்களைத் திரட்டியவர். அவரும் உங்கள் கணக்கில் வெறியர்தானா? தெரியாத ஜனங்களைப் பற்றி இப்படிப் பேசுவது நமக்கு எவ்வளவு சுலபமாகிவிட்டது!

மேற்கத்திய நாடுகளின் அங்கீகாரம் நல்லதுதான். இந்தியா அதை 1988லேயே செய்துவிட்டது. ஆனால் லண்டன் அங்கீகரித்ததால் மேற்குக் கரையின் ஹெப்ரானில் ஒரு இஸ்ரேலியச் சோதனைச்சாவடிகூட அகலவில்லை. ஒரு நாடா இரு நாடா என்பதையும் விடுங்கள். 1947லிருந்து வரைபடம் போட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

சரி, அந்தக் கடிதங்களுக்கு வருவோம். 1993 செப்டம்பர் 9 என்று தேதியிட்டவை. அரபாத் இஸ்ரேலியப் பிரதமர் ரபீனுக்கு எழுதியதில், இஸ்ரேல் அமைதியோடும் பாதுகாப்போடும் இருக்க உரிமையுள்ள நாடு என்று பாலஸ்தீன விடுதலை இயக்கம் ஏற்கிறது. பிடித்த நிலத்திலிருந்து விலகிச் சமாதானம் செய்யச் சொல்லும் ஐ.நா.வின் 242, 338 தீர்மானங்களை ஏற்கிறது. பயங்கரவாதத்தைக் கைவிடுகிறது. இஸ்ரேலை மறுக்கும் தங்கள் சாசனப் பிரிவுகள் இனிச் செல்லாது என்கிறது. ரபீன் அனுப்பிய பதில் ஒரே வாக்கியம். நீங்கள் தந்த வாக்குறுதிகளைக் கருதி, உங்கள் இயக்கத்தைப் பாலஸ்தீன மக்களின் பிரதிநிதியாக ஏற்கிறோம், பேச்சைத் தொடங்குகிறோம். அவ்வளவுதான். அந்த மக்களுக்கு நாடு உண்டு என்றோ, அங்கே வாழ உரிமை உண்டு என்றோ ஒரு வரி இல்லை. ஒருவர் மற்றவரின் நாட்டை ஏற்றார், மற்றவர் எதிரே உட்கார்ந்து பேசும் ஆளை ஏற்றார். இதைத்தான் உலகம் பரஸ்பர அங்கீகாரம் என்று கொண்டாடியது.

அதோடு நின்றதா? சாசனத்தைத் திருத்தச் சொன்னது இஸ்ரேல், 1996இல் பாலஸ்தீனர்கள் வாக்கெடுத்தார்கள். போதாது என்றது இஸ்ரேல், 1998இல் அமெரிக்க அதிபர் கிளின்டனையே காசாவில் உட்காரவைத்துக் கை தூக்கிக் காட்டினார்கள். அப்புறம், இஸ்ரேலை ஏற்றால் மட்டும் போதாது, யூதர்களின் நாடாகவே ஏற்க வேண்டும் என்ற கோரிக்கை வந்தது. 1979இல் எகிப்தோடும் 1994இல் ஜோர்டானோடும் ஒப்பந்தம் போட்டபோது இஸ்ரேல் இதைக் கேட்கவே இல்லை. இஸ்ரேலியக் குடிமக்களில் ஐந்தில் ஒருவர் அரபு இனத்தவர். அவர்கள் தலைக்கு மேல் இப்படி ஒரு கையெழுத்தை ரமல்லாவிலிருக்கும் பாலஸ்தீன அதிகாரசபை எப்படிப் போடும்? ஹமாஸ் மறுக்கிறது, உண்மை. அந்த மறுப்பின் ரத்தத்தை அக்டோபர் 7இல் பார்த்தோம், அதற்கு நான் எந்த நியாயமும் சொல்ல மாட்டேன். ஆனால் ‘பாலஸ்தீனர்கள் ஏற்கவில்லை’ என்று நீங்கள் எழுதும்போது, ஏற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டு மறுபக்கத்துப் பதிலுக்காக முப்பது வருஷத்துக்கும் மேலாகக் காத்திருப்பவர்களை அழித்துவிடுகிறீர்கள்.

அபுதாபியில் நான் வேலை பார்த்த காலத்தில் பக்கத்து மேஜையில் ஒரு பாலஸ்தீன டிராஃப்ட்ஸ்மேன் இருந்தார். ஹைஃபாவிலிருந்து லெபனான் முகாமுக்கு ஓடிய குடும்பம். பாஸ்போர்ட் கிடையாது, லெபனான் தந்த அகதிப் பயண ஆவணம்தான். மக்லூபா என்ற அவர்கள் ஊர்ச் சோற்றைச் சமைத்தால் எனக்கொரு டப்பா நிச்சயம். ஒருநாள் ஹிட்லர் காலத்து முகாம்களைப் பற்றிப் பேச்செடுத்தேன். “அதைச் செய்தது நானா?” என்றார். நியாயமான கேள்வி. ஆனால் நிறுத்தவில்லை. செத்தவர் எண்ணிக்கையே மிகை என்றார். நான் கோபத்தில் கத்திவிட்டேன். சில நாள் இருவரும் பேசவில்லை. பிறகு அவரே வந்து சொன்னார்: “அவர்கள் பட்டதை நான் ஒத்துக்கொண்டால், எங்கள் வீட்டை எடுத்துக்கொண்டது சரி என்று நானே எழுதிக்கொடுத்த மாதிரி ஆகிவிடாதா?”

இந்தப் பயம் அந்தப் பக்கமும் அப்படியே இருக்கிறது. 1948இல் சுமார் ஏழு லட்சம் பாலஸ்தீனர்கள் ஊரை இழந்தார்கள். இஸ்ரேலின் சுதந்திர தினத்தைத் துக்க நாளாக அனுசரிக்கும் நிறுவனங்களுக்கு அரசு நிதியை வெட்டலாம் என்று 2011இல் சட்டமே போட்டார்கள். அடுத்தவன் அழுவதைக் காதில் வாங்கினால் தன் பட்டா போய்விடும் என்று இருவருமே நடுங்குகிறார்கள்.

இதை உடைக்க டான் பார்-ஓன் என்ற இஸ்ரேலிய உளவியலாளரும் சாமி அத்வான் என்ற பெத்லகேம் பேராசிரியரும் ஒரு பாடப்புத்தகம் தயாரித்தார்கள். இரண்டாம் இன்டிஃபாதா என்ற பாலஸ்தீனக் கிளர்ச்சி நடந்துகொண்டிருந்தபோது, இரு பக்கத்து ஆசிரியர்களையும் ஒன்றாக உட்காரவைத்து எழுதச் செய்தது. பக்கத்தின் ஒரு புறம் இஸ்ரேலியரின் வரலாறு, மறுபுறம் பாலஸ்தீனரின் வரலாறு, நடுவில் மாணவன் எழுத வெற்றுக் கோடுகள். இரண்டையும் கலந்து பொதுவான ஒன்றைச் சமைக்கவில்லை, அதுதான் எனக்குப் பிடித்தது. யாரும் தன் கதையை விட்டுக்கொடுக்க வேண்டாம், பக்கத்தில் இன்னொன்று இருப்பதைப் பொறுத்துக்கொண்டால் போதும். 2010இல் காசா எல்லையை ஒட்டிய இஸ்ரேலிய ஊரான ஸ்தெரோட் அருகே ஒரு பள்ளி அதைப் பயன்படுத்தியதும் இஸ்ரேலியக் கல்வி அமைச்சகம் தடுத்தது. பாலஸ்தீன அதிகாரசபையும் தன் பாடத்திட்டத்தில் சேர்க்கவில்லை. ஒரு பள்ளிப் புத்தகத்துக்கு இரண்டு அரசுகளும் பயந்தன என்றால் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார்கள்.

வழி பிறக்குமா என்றீர்கள். இன்றைக்கு இல்லை. 2024 ஜூலையில் பாலஸ்தீன நாடு கூடாது என்ற தீர்மானத்தை இஸ்ரேலிய நாடாளுமன்றமான நெசட் 68க்கு 9 என்று நிறைவேற்றியது. ஆனால் ஏபி நாதனை நினைத்துக்கொள்கிறேன். பம்பாயில் வளர்ந்தவர், 1948 போரில் இஸ்ரேலுக்காக விமானம் ஓட்டியவர். பாலஸ்தீன விடுதலை இயக்கத்தினரைச் சந்திப்பதே குற்றம் என்று 1986இல் போட்ட சட்டத்தை மீறி அரபாத்தைச் சந்தித்தார், 1989இல் சிறைக்குப் போனார். வெளியே வந்து மறுபடி சந்தித்தார், 1991இல் மறுபடி உள்ளே போனார். அந்தச் சட்டத்தை 1993 ஜனவரியில் நீக்கினார்கள். அதே வருஷம் செப்டம்பரில் ரபீனே அரபாத்துக்குக் கடிதம் எழுதினார். அதனால் நடக்கவே நடக்காது என்று அடித்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடுத்த முறை ஜெருசலேமிலிருந்து போகும் பதிலில், உங்களுக்கும் இந்த மண்ணில் நாடு அமைத்து வாழ உரிமை உண்டு என்ற வரி இருக்க வேண்டும்.