கோத்தகிரி இறக்கமும் இரண்டாவது கியரும்

கேள்வி: மே முதல் வாரம் அப்பா, அம்மா, மனைவி, 6 வயது மகளோடு காரில் ஊட்டி போகிறோம். இதுவரை சமவெளியில் மட்டும்தான் ஓட்டியிருக்கிறேன். மகளுக்கு பஸ் ஏறினாலே வாந்தி வரும். எந்த வழியாகப் போகலாம்? எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: குன்னூரில் 26 வருடமாக வாடகைக் கார் ஓட்டுகிறேன், தம்பி. முதலில் இ-பாஸ். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு அது வந்துவிட்டது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, சனி ஞாயிறில் 8,000 வண்டிகள் என்று அளவும் வைத்தார்கள். அதனால் அறை போட்ட கையோடு அதையும் எடுத்துவிடுங்கள்.

கோவைக்குள் நுழைய வேண்டாம். அவிநாசி, அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் வந்துவிடலாம். சீசனில் ஏறும் வண்டிகளை பர்லியார், குன்னூர் வழியாகவும், இறங்கும் வண்டிகளை கோத்தகிரி வழியாகவும் விடுவது வழக்கம். எதிரே வரும் வண்டி குறைவதால் புதிதாக மலை ஏறுபவருக்கு அது நிம்மதி.

குழந்தைக்குக் காலையில் இரண்டு இட்லி போதும். பின்சீட்டின் நடுவில் பெல்ட் போட்டு உட்கார வையுங்கள், முன்கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்த்துக்கொண்டு வரட்டும். கையில் செல்போன் கொடுக்கவே கூடாது. மலையில் பிளாஸ்டிக் பைக்குத் தடை. வாந்தி வந்தால் பிடிக்க, மூடி உள்ள பழைய டப்பா ஒன்றில் செய்தித்தாளைப் போட்டு எடுத்து வாருங்கள். பர்லியாரில் நிறுத்திக் கொஞ்சம் நடக்க விடுங்கள்.

ஏற்றத்தை நினைத்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். எனக்குப் பயம் இறக்கம்தான். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கிருந்து 60 கிலோமீட்டர் சொச்சத்தில் அடிவாரத்துக்கு வந்துவிடுகிறோம். வழி முழுக்க பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் சக்கரத்திலிருக்கும் பிரேக் டிஸ்க்கும் அதைக் கவ்வும் பேடும் சூடேறி, அந்தச் சூட்டில் பிரேக் ஆயில் கொதித்துக் குமிழ் கட்டும். அப்புறம் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது.

போன மே மாதம் கோத்தகிரி இறக்கத்தில் அரவேணு தாண்டி ஒரு குடும்பம் ஓரமாக நின்றிருந்தது. முன்சக்கரத்தில் புகை, கருகின வாடை. ஓட்டி வந்த பையன் சக்கரத்தில் ஊற்றத் தண்ணீரோடு குனிந்துவிட்டான். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். அந்தச் சூட்டில் தண்ணீர் பட்டால் டிஸ்க் கோணிக்கொள்ளும். வண்டி நின்ற பிறகும் உள்ளே இருந்த பாட்டி கதவுக்கு மேலிருக்கும் கைப்பிடியை விடவே இல்லை. முக்கால் மணி நேரம் ஆறவிட்டு, “இரண்டாவது கியரைப் போட்டு என் பின்னாலேயே வா தம்பி” என்று குஞ்சப்பனை வரை கூட்டி வந்தேன். அதற்கப்புறம் அவன் பிரேக்கைத் தொட்டது வளைவுகளில் மட்டும்தான்.

நீங்களும் அப்படியே இரண்டாவது கியரில் இறங்குங்கள், இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். ஆட்டோமேட்டிக் என்றால் மேனுவல் மோடிலோ ‘எல்’ என்ற லோ கியரிலோ வையுங்கள். நியூட்ரலில் மட்டும் உருட்டவே கூடாது. ஒற்றை வண்டி போகும் இடத்தில் எதிரே ஏறி வருகிறவருக்குத்தான் முதல் வழி, நீங்கள் ஒதுங்கி நில்லுங்கள்.

குஞ்சப்பனைப் பக்கம் நீங்கள் வரும் மே மாதத்தில் பலா பழுக்கும், யானை சாலைக்கு வரும். தூரத்திலேயே நிறுத்திவிடுங்கள், ஹாரன் வேண்டாம், போட்டோவுக்காக யாரும் இறங்க வேண்டாம். மாலை 4 மணிக்கெல்லாம் கோத்தகிரியைத் தாண்டினால் இருட்டுவதற்குள் அடிவாரம் சேரலாம்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே ஈரோட்டில் பேடையும் பிரேக் ஆயிலையும் பார்க்கச் சொல்லுங்கள். தேய்ந்திருந்தால் மாற்றிவிட்டே வாருங்கள்.