அவர்கள் முறை

வணக்கம் ஐயா,

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வசிக்கிறேன். அம்மா மாலையில் தமிழ்த் தொடர் பார்க்க உட்கார்ந்தால் எழுவதில்லை. பக்கத்து வீட்டு மலாய் மாக்சிக்கிற்கும் (அத்தை என்பதுபோல் மூத்த பெண்ணை அழைக்கும் மலாய்ச் சொல்) இப்பழக்கம் தொற்றிவிட்டது. கீழே ஓடும் மலாய் வரிகளைப் படித்துக்கொண்டே பார்க்கிறார். அந்த மாமியார் மருமகள் சண்டையை வைத்து நம்மை எடைபோட மாட்டார்களா? தொடர்கள் தோட்டப்புற மக்களின் ஒழுக்கத்தைக் கெடுத்துவிட்டனவா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

தொடர்களில் நல்லதும் உண்டு, குப்பையும் உண்டு. அதைப் பேச எனக்கு விருப்பமில்லை. மாக்சிக்கைப் பற்றிய வரியில்தான் மனம் நின்றுவிட்டது.

இந்நாட்டுக்குத் தொலைக்காட்சி 1963 டிசம்பரில் வந்தது. எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளுக்கு வர மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. அதுவரை பட்டணத்துச் சீனர் கோப்பிக்கடைதான். கடைக்கு ஒரே பெட்டி. சீனத் தொடர் ஓடும், மலாய் நாடகம் ஓடும், எப்போதாவது தமிழ்ப் படம் வரும். நான் நெளிந்தால் அப்பா முழங்காலில் கைவைத்து, "இரு, இது அவர்கள் முறை" என்பார். ரப்பர் மரத்தில் பால் வெட்டிக் காய்த்த கை. மலாய் நடிகர் பி. ரம்லியின் படத்தில் எனக்குப் புரியாத நகைச்சுவையைப் பக்கத்து மேசைக்காரர் விளக்குவார். தமிழ்ப் படத்தில் தாய் அழுதபோது, மரலாரி ஓட்டும் மலாய்க்காரர் ஒருவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

பிறர் மொழி ஓடும்போது பொறுத்து உட்கார்ந்திருப்பதை எந்த நிகழ்ச்சியும் எங்களுக்குக் கற்பிக்கவில்லை. பெட்டி ஒன்றே என்பதால் பழகிக்கொண்டோம். 1980இல் ஒலிம்பிக் கால்பந்துத் தகுதிச் சுற்றில் தென்கொரியாவை 2-1 என வென்றோமே, அந்த இரவு கடையில் நிற்க இடமில்லை. கோல் காவலில் ஆறுமுகம், தடுப்பில் சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும். ஹசான் சானி கடத்திய பந்தை ஜேம்ஸ் வோங் உதைத்து உள்ளே தள்ளியதும் யார் யாரைக் கட்டிப்பிடித்தார்கள் என்றே தெரியவில்லை. நம் அணி மாஸ்கோ ஒலிம்பிக்குக்குப் போகாமல் புறக்கணித்தது வேறு கதை. அன்று கத்தியவர்கள் அத்தனை பேரும் அதற்கு முன் பல மாலைகள் ஒருவர் மொழியை ஒருவர் பொறுத்து உட்கார்ந்திருந்தவர்கள்.

1996இல் ஆஸ்ட்ரோ என்ற கட்டணச் செயற்கைக்கோள் தொலைக்காட்சி வந்தது. நம் மொழிக்கு அது பெரிய வரவு, நானும் மகிழ்ந்தேன். ஆனால் வீட்டுக்கு வீடு அவரவர் அலைவரிசை என்றானபின், காத்திருக்க எவருக்கும் அவசியமில்லாமல் போயிற்று. மலாய் நாடகம் ஒன்றை நீங்கள் கடைசியாக முழுதாகப் பார்த்தது எப்போது?

அண்டை வீட்டுப் பெண் ஒருவர் நம் மொழிக் கதையை வரிவரியாகப் படித்துத் தெரிந்துகொள்கிறார். அதைப் போய் நோய் தொற்றியதுபோல் எழுதுகிறீர்கள்! வெட்கமாக இல்லையா, தம்பி? இப்படிக் கேட்பதில் கோபம் இருக்கிறது. அதைவிட வருத்தம் அதிகம். உங்கள் அம்மாவைத் தடுக்காதீர்கள்.

ஒன்று மட்டும் மறுகடிதத்தில் எழுதுங்கள். மாக்சிக் விரும்பும் மலாய் நாடகம் ஓடும் நேரத்தில், உங்கள் அம்மா அவர் வீட்டுக்குப் போய் உட்காருகிறாரா?