மழைக்கு ஒரு வேலை, வெயிலுக்கு ஒரு வேலை

வாசகர் கேள்வி - பதில்

சுவர் ஓவியம், லினோ அச்சு (லினோலியத் தகட்டில் செதுக்கி, மை தடவி எடுக்கிற அச்சு), நீர்வண்ணம், டீத்தூள் பாக்கெட், பள்ளி ஆண்டுவிழா மேடை, கடை போர்டு என்று கைக்கு வந்த வேலையெல்லாம் செய்து கோத்தகிரியில் காலம் தள்ளும் ஃப்ரீலான்ஸ் ஓவியர் பதில் சொல்கிறார்.

படம் வரைவேன், போர்டு எழுதுவேன், களிமண் பொம்மை செய்வேன், கம்ப்யூட்டரில் கல்யாணப் பத்திரிகையும் போடுவேன். "எதையாவது ஒன்றை உருப்படியாகப் பிடி" என்கிறார் அப்பா. அவர் சொல்வது சரிதானா அக்கா?
(இளைஞர், கட்டபெட்டு)

அப்பாவுக்கு டீத் தோட்டம் என்று எழுதியிருக்கிறீர்கள். பச்சைத் தேயிலைக்கு விலை விழுந்த வருஷங்களில் அவரும் ஓரத்தில் கேரட்டோ பீன்ஸோ போட்டுத்தானே வீட்டை ஓட்டியிருப்பார்? நீங்கள் செய்வதும் அதுதான் என்று சொல்லிப் பாருங்கள் தம்பி. பக்குவமாகச் சொல்லுங்கள், சாப்பிடும்போது வேண்டாம்.

இந்த மலையில் வருஷம் முழுக்க ஒரே வேலையைச் செய்ய ஆசைப்பட்டாலும் வானம் விடாது. தை பிறந்ததிலிருந்து சித்திரை வரை சுவர் வேலை. ஏப்ரல், மே வந்தால் சீசன். இங்கே நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி, ஊட்டியில் மலர்க் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி. கடைகளுக்குப் புது போர்டு கேட்பார்கள், வருகிறவர்கள் கையில் எடுத்துப் போகிற அளவில் நீர்வண்ணப் படம் தேடுவார்கள். காலண்டருக்கு வரைகிற ஆசை இருந்தால் அதற்கும் அதே சமயத்தில்தான் ஓட வேண்டும். சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்றே அடுத்த வருஷத்துக்கான காலண்டர் மாதிரி ஆல்பத்தை வெளியிட்டுவிடுவார்கள். தீபாவளி சமயத்தில் படத்தைத் தூக்கிக்கொண்டு போனால் டீ கொடுத்து அனுப்புவார்கள், அவ்வளவுதான்.

அப்புறம் மழை. நம் மாவட்டத்தில் மழைக்காலம் ஒன்றல்ல, இரண்டு. ஜூனிலிருந்து தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர் பக்கம் கொட்டும். கோத்தகிரி தொட்டபெட்டாவின் மறைவில் இருப்பதால் அப்போது தப்பிக்கும். நமக்கு உரிய மழை ஐப்பசி, கார்த்திகையில் வரும். கூடலூர்க்காரர் சாரத்தில் ஏறவே முடியாத ஆடி மாதத்தில் வெயில் பார்த்து நாம் ஏறிவிடலாம். அக்டோபர் 2 முதல் 8 வரை வன உயிரின வாரம் என்பதால் பள்ளிகளுக்குப் போஸ்டர், முகமூடி, அட்டையில் வரையாடு, காட்டெருமை என்று ஒரு சின்ன வேலைக்கூட்டம் வரும். அடைமழை பிடித்துவிட்டால் நான் லினோவையும் புத்தகப் படங்களையும் எடுத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிடுவேன்.

கடை போர்டை மட்டுமே நம்பியிருந்த கெட்டிக்காரர்கள் எத்தனையோ பேர் ஃப்ளெக்ஸ் வந்ததும் பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டு டிரைவர் வேலைக்கும் செக்யூரிட்டி வேலைக்கும் போனார்கள். எனக்குப் போர்டு வேலை போனபோது, எழுத்து கையில் இருந்ததால் டீத்தூள் பாக்கெட்டில் பெயர் வரைந்து தரச் சொல்லி ஆள் வந்தது. அதனால் நான் உங்கள் கட்சி.

ஒரே ஒரு இடத்தில் அப்பா பக்கம் சாய்கிறேன். எல்லாவற்றையும் ஒரே ஆல்பத்தில் போட்டு எல்லாருக்கும் காட்டாதீர்கள். டீ ஃபேக்டரி முதலாளிக்குப் பாக்கெட்டும் எழுத்தும் மட்டும். பள்ளிக்கூடத்துக்கு மேடையும் சுவரும் மட்டும். களிமண் பொம்மையைப் பார்த்தால் அவர்களுக்கு நீங்கள் விளையாட்டுப் பிள்ளையாகத் தெரிவீர்கள்.

நீர்வண்ணத் தாளில் புள்ளி புள்ளியாகப் பூஞ்சணம். மார்கழியில் அக்ரிலிக் போட்டால் விரலில் மாவு மாதிரி வருகிறது, சில இடத்தில் வெடிக்கிறது. பெயிண்ட் மட்டமா, கை மட்டமா?
(வாசகி, லவ்டேல்)

இரண்டும் இல்லை, ஊர் அப்படி. அக்ரிலிக்கில் தண்ணீர் போன பிறகு உள்ளேயிருக்கும் நுண்ணிய பிசின் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாக வேண்டும். பொதுவாக 10 டிகிரிக்குக் கீழே குளிர் போனால் அவை ஒழுங்காக ஒட்டுவதில்லை. மேலே காய்ந்த மாதிரி தெரியும், தொட்டால் உதிரும். உறைபனி விழுகிற டிசம்பர், ஜனவரி ராத்திரிகளில் உங்கள் பக்கம் வெப்பம் எங்கே போய் நிற்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே மார்கழியில் அக்ரிலிக்கை வெயில் ஏறிய பிறகு தொடங்கி, மூன்று மணிக்கு மூடிவிடுங்கள். வரைந்ததைச் சமையலறைப் பக்கம் கொண்டுபோய் வையுங்கள். வரைகிற நேரம் மட்டுமல்ல, அன்று ராத்திரியும் அது குளிரில் கிடக்கக் கூடாது. டப்பாக்களை ஜன்னல் ஓரத்தில் விடாதீர்கள், உறைந்து உருகினால் கட்டி கட்டியாகிவிடும்.

தாள் விஷயம் வேறு. நல்ல நீர்வண்ணத் தாளில் தண்ணீரை உடனே குடிக்காமல் இருக்க ஒரு பசைப்பூச்சு உண்டு, பல தாள்களில் அது ஜெலட்டின். பூஞ்சணத்துக்கு அது விருந்துச் சாப்பாடு. ஈரத்தில் நாள்பட்டால் அந்தப் பூச்சும் கெடும். அப்போது வர்ணம் மேலே நிற்காமல் திட்டுத் திட்டாக உள்ளே இறங்கும். தாளைப் பீரோவில் சும்மா அடுக்காமல், ரப்பர் வளையம் வைத்து இறுக மூடுகிற பெட்டியில் வையுங்கள். கூடவே சிலிக்கா ஜெல் பொட்டலம். நீல நிறத்தில் வருகிறதே, அந்த வகை ஈரம் குடித்துத் தீர்ந்ததும் ரோஸ் ஆகும். இளஞ்சூட்டில் வறுத்தால் மறுபடி நீலமாகும். அதற்கென்று தனிச் சட்டி வைத்துக்கொள்ளுங்கள். அந்த நீலம் வயிற்றுக்கு ஆகாது. வர்ணப் பெட்டியை வேலை முடிந்ததும் ஈரத்தோடு டப்பென்று மூடாதீர்கள். ஃப்ரேம் போட்ட படத்தை மழை அடிக்கிற வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். வேறு இடமே இல்லையென்றால் ஃப்ரேமின் பின்பக்க மூலைகளில் கார்க் துண்டு ஒட்டிச் சுவரிலிருந்து விலக்கி வையுங்கள்.

லினோ செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. குளிரில் லினோ கல்லாகிவிடும், கட்டர் வழுக்கிக் கையைக் கிழிக்கும். நான் சாதம் வடித்த பாத்திரத்தின் மூடிமேல் கொஞ்ச நேரம் வைத்து எடுத்துத்தான் செதுக்குவேன். சூடு ஏறிய லினோ வாகாக வளைந்து வரும், கோடு சீராக விழும். எண்ணெய் மையில் எடுத்த பிரிண்ட் இங்கே சமவெளியில் காய்கிற வேகத்தில் காயாது. கொடி கட்டிக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டுவிட்டு அதை மறந்துவிடுங்கள்.

ஒரு ரிசார்ட்டுக்குச் சுவரில் காட்டெருமைக் கூட்டம் வரைந்தேன். பணம் முழுசாக வந்தது. இப்போது அதே படத்தை டீ-ஷர்ட்டிலும் கப்பிலும் அச்சடித்து விற்கிறார்கள். கேட்டால், "காசு கொடுத்தாச்சே" என்கிறார்கள். எழுத்தில் ஒன்றும் இல்லை.
(ஓவியர், குன்னூர்)

கசப்பாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: சட்டம் பெருமளவு அவர்கள் பக்கம் நிற்கும். படைத்தவரே முதல் உரிமையாளர் என்றுதான் 1957-ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டம் சொல்கிறது. ஆனால் 17-ஆம் பிரிவில் ஒரு விலக்கு உண்டு. ஒருவர் கேட்டுக்கொண்டு, அதற்கு விலையும் கொடுத்து எடுக்கிற புகைப்படம், வரைகிற பெயிண்டிங், உருவப்படம், செதுக்கு அச்சு, திரைப்படம் இவற்றுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், விலை கொடுத்தவரே முதல் உரிமையாளர்.

என்னைப் போலப் பல வேலை செய்கிறவர்கள் அந்தப் பட்டியலைத்தான் கவனிக்க வேண்டும். பெயிண்டிங் அதில் இருக்கிறது. செதுக்கு அச்சு என்பதற்குள் மரக்கட்டை அச்சு போன்றவையும் வரும் என்று சட்டமே விளக்கம் தருகிறது. ஆகவே லினோவையும் அங்கேதான் வைத்துப் பார்ப்பேன். ஆனால் கோட்டோவியம் அந்தப் பட்டியலில் இல்லை. அதாவது ஒரே ரிசார்ட்டுக்கு நீங்கள் செய்த சுவர் ஓவியமும், பேனாவில் வரைந்து கொடுத்த மெனு கார்டு படமும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. இதெல்லாம் வக்கீல் வாதத்துக்குத்தான் உதவும். நமக்கு உதவுவது ஒரு தாள். அடுத்த தடவை கொட்டேஷனின் அடியில் இப்படி எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள்: "இந்த ஓவியம் இந்தச் சுவருக்கு மட்டும். பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும். வேறு பொருளில் அச்சிட்டால் தனிக் கட்டணம்." தமிழில் எழுதினாலே போதும்.

உரிமையை எழுதிக் கொடுக்கிறதாக இருந்தாலும் எத்தனை வருஷம், எந்த ஊர் என்று குறிப்பிடுங்கள். குறிப்பிடாவிட்டால் 5 வருஷம், இந்தியாவுக்குள் மட்டும் என்று 19-ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும்.

உங்கள் காட்டெருமைக்கு இப்போது என்ன வழி? 57-ஆம் பிரிவு. பதிப்புரிமை கை மாறினாலும், "இது நான் வரைந்தது" என்று உரிமை கோருவதும், என் பெயர் கெடும்படி படத்தைச் சிதைக்காதே என்று தடுப்பதும் ஓவியருடைய உரிமை. சண்டைக்குப் போகாமல், கப்பிலும் சட்டையிலும் உங்கள் பெயர் போடச் சொல்லிக் கேளுங்கள். கூடவே அடுத்த டிசைனை நீங்களே, இந்த முறை தாளோடு, செய்து தருவதாகச் சொல்லுங்கள். விற்கிற படத்தை வரைந்த கையை எந்த வியாபாரியும் லேசில் விட மாட்டார்.

டேப்லெட்டில் வரைந்த டீத் தோட்டம் திரையில் பளபள, அச்சில் பாசி நிறம். பிரஸ்காரர் ஏமாற்றுகிறாரா?
(கல்லூரி மாணவி, கோத்தகிரி)

அவரைத் திட்டாதீர்கள். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு நான்கு மையால். துளிர்த் தேயிலையின் அந்தப் பளீர்ப் பச்சை நான்கு மையில் வராது. முதலிலேயே சிஎம்ஒய்கே முறையில், அதாவது அந்த நான்கு மைக்கான நிற அமைப்பில் வைத்து வரையுங்கள். 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் வெட்டுக்கு விடுங்கள். ஒரு தாள் புரூஃப் எடுத்து வெளியே வெயிலில் பிடித்துப் பாருங்கள், டியூப்லைட்டில் பார்க்காதீர்கள்.

தோடர் பூத்தையலின் டிசைனை நோட்டு அட்டையில், டோட் பையில் அச்சடித்து ஊட்டியில் விற்கலாம் என்று நினைக்கிறேன். தடை உண்டா?
(வாசகர், ஊட்டி)

தோடர் எம்பிராய்டரிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அச்சடித்த பையில் அந்தப் பெயரைப் போட்டு விற்றால் பிரச்சினை வரும், வரவும் வேண்டும். வெள்ளைத் துணியில் இழை எண்ணி, சிவப்பும் கறுப்புமாகத் தைக்கிற வேலை அது. டிசைனை முன்கூட்டி வரைந்து வைக்கிற வழக்கமே கிடையாது. மந்துகளில் (தோடர் குடியிருப்புகளில்) அந்தப் பெண்கள் தைத்த ஒரு போர்வையைக் கையில் வாங்கி, திருப்பிப் போட்டுப் பாருங்கள். அச்சடிக்கிற ஆசை தானாகப் போய்விடும்.

பை விற்க வேண்டும் என்றால் தைத்த துண்டை அவர்களிடமே விலைக்கு வாங்கி, பையில் வைத்துத் தைத்து, யார் தைத்தது என்று எழுதி விற்கலாமே. லாபம் குறையும்தான். உங்கள் சொந்த டிசைனுக்கு இந்த மலையில் எத்தனை இருக்கிறது: ஊசியிலைக் காய், பல்சக்கரத்தில் ஏறும் ரயில், அறுவடை முடிந்த கேரட் வயல், மூடுபனியில் பாதி மட்டும் தெரியும் யூகலிப்டஸ். இதற்கெல்லாம் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம்.

சுவர், படம், எழுத்து, அச்சு எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி சதுர அடிக் கணக்கில் விலை சொல்கிறேன். எதிலோ நஷ்டம், எதில் என்று தெரியவில்லை.
(ஓவியர், கொடைக்கானல்)

எழுத்தில். ஒரு சதுர அடிக்குள் வருகிற கடைப் பெயருக்கு ஒரு நாள் பிடிக்கும், நாலு சதுர அடி வானத்துக்கு அரை மணி போதும். சதுர அடி சுவருக்கு மட்டும் சரி. அதிலும் சாரம், பட்டி, பிரைமர் மூன்றையும் தனியாகப் போடுங்கள். ஏறுவதற்கு முந்தின ராத்திரி சுவரில் ஒரு முழம் பாலிதீன் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டுங்கள். காலையில் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால் அந்தச் சுவருக்கு இன்னும் விலையே சொல்லாதீர்கள். ஈரச்சுவரில் போட்ட பெயிண்ட் உப்புப் பூத்து உரியும், பழி உங்கள்மேல் வரும்.

புத்தகப் படத்துக்கும் பாக்கெட்டுக்கும் அளவு பார்க்காதீர்கள், எங்கே எத்தனை காலம் ஓடப்போகிறது என்று பாருங்கள். லினோவுக்கு எத்தனை பிரதி எடுக்கிறீர்களோ அதை வைத்து வகுத்துக்கொள்ளுங்கள். பெயிண்ட் வாங்கக் கீழே இறங்கி ஏறுகிற நாளையும் கூலியில் சேருங்கள். எனக்கு மேட்டுப்பாளையம் தாண்டிக் கோயம்புத்தூர், உங்களுக்கு வத்தலக்குண்டு தாண்டித் திண்டுக்கல்லோ மதுரையோ, எப்படியும் ஒரு நாள் போச்சு. பாதி முன்பணம் வராமல் பிரஷ்ஷை நனைக்காதீர்கள், சொந்தக்காரராக இருந்தாலும்.

கம்பெனி வேலையில் டிடிஎஸ் (வருமான வரிக்காக முன்கூட்டியே பிடிக்கிற தொகை) என்று 10 சதவீதம் பிடித்துக் கொடுத்தால் பதறாதீர்கள். உங்கள் பான் எண்ணில் வரவாகியிருக்கிறதா என்று பாருங்கள். வரி வரம்புக்குள் வருமானம் இருந்தால் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கிவிடலாம்.

சென்னைக்குப் படம் அனுப்ப வேண்டும். நம் மாவட்டத்தில் பிளாஸ்டிக் தடை, வெளியே மழை. எப்படிக் கட்டுவது?
(வாசகி, அரவேணு)

துணிக்கடையில் துணி சுற்றி வருகிற கெட்டி அட்டைக் குழாயைக் கேளுங்கள், சும்மா கொடுப்பார்கள். ரம்பத்தால் அளவுக்கு அறுத்துக்கொள்ளலாம். நன்றாகக் காய்ந்த படத்தை மட்டும் சுருட்டுங்கள். எண்ணெய் மை பிரிண்ட் தொட்டால் ஒட்டினால் இன்னும் ஒரு வாரம் கொடியில் கிடக்கட்டும். படத்தின் முகத்தில் பட்டர் பேப்பர், அதன்மேல் பழுப்புத் தாள் இரண்டு சுற்று, பிறகு குழாய். வெளியே மெழுகு தேய்த்த துணியில் சுற்றித் தைத்துவிட்டால் தூறல் தாங்கும். மழை விட்ட நாளாகப் பார்த்து அனுப்புங்கள். சுருட்டக்கூடாத தடித்த அக்ரிலிக் என்றால் மரச்சட்டத்தோடு, இரண்டு பிளைவுட் பலகைக்கு நடுவே வைத்து அனுப்பத்தான் வேண்டும். அந்தச் செலவை வாங்குகிறவரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.