சிரிஞ்சால் உறிஞ்சி ஊற்றினால் பிரேக் ஆயில் மாறிவிடுமா?

கேள்வி: என் காருக்கு ஐந்து வயது. பிரேக் ஆயிலை இதுவரை மாற்றியதே இல்லை. போனட்டைத் திறந்து பார்த்தபோது டப்பாவில் ஆயில் பழுப்பாக இருந்தது. பெரிய சிரிஞ்ச் ஒன்றால் அதை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றினேன். இப்போது பளிச்சென்று இருக்கிறது. இது போதுமா, நான்கு சக்கரத்திலும் ப்ளீட் செய்தே ஆகவேண்டுமா? அதை வீட்டிலேயே செய்யலாமா?

பதில்: போதாது. ப்ளீட் செய்தே, அதாவது ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள சிறிய ஸ்க்ரூவைத் திறந்து பழைய ஆயிலை வெளியே தள்ளியே ஆகவேண்டும். வீட்டிலும் செய்யலாம், ஆனால் எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

எஞ்சின் ஆயில் பம்ப் மூலம் சுற்றிக்கொண்டே இருக்கும். பிரேக் ஆயில் அப்படிச் சுற்றுவதில்லை. பெடலை அழுத்தினால் துளி முன்னே நகரும், காலை எடுத்தால் துளி பின்னே வரும், அவ்வளவுதான். நீங்கள் டப்பாவில் ஊற்றிய புது ஆயில் டப்பாவிலேயேதான் இருக்கிறது. சக்கரத்தில், பிரேக் பேடை அழுத்தும் காலிப்பருக்குள் இருப்பது ஐந்து வருடப் பழையது. பிரேக் பேட் சூடேறுவதும் அங்கேதான்.

பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும் தன்மை கொண்டது. ரப்பர் குழாய் வழியாகவும் டப்பா மூடியில் உள்ள காற்றுத் துளை வழியாகவும் ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகிறது. டாட் 4 (டாட் என்பது பிரேக் ஆயிலின் தர வகை) ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் கலந்துவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. நீண்ட மலை இறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதித்து வந்தால் காலிப்பரில் அந்தச் சூடு வரக்கூடும். ஆயில் கொதித்தால் ஆவி உண்டாகும். ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. அப்போது பெடல் பொசுக்கென்று உள்ளே போகும், வண்டி நிற்காது. ஆறிய பிறகு ஆவி திரும்பவும் நீராகி, பெடல் பழையபடி கெட்டியாக இருக்கும். அதனால்தான் ஊருக்குள் ஓட்டும்போது எதுவும் தெரிவதில்லை. நிறத்தை வைத்தும் தண்ணீரின் அளவைச் சொல்ல முடியாது. தேதிதான் கணக்கு. பெரும்பாலான கார்களுக்கு இரண்டு வருடம், சிலவற்றுக்கு மூன்று. உங்கள் காரின் கையேட்டில் இருக்கும்.

எந்த ஆயில் என்பது டப்பா மூடியிலேயே எழுதியிருக்கும். டாட் 3 கேட்கும் காரில் டாட் 4 ஊற்றலாம், திருப்பிச் செய்யக் கூடாது. டாட் 5 என்று ஒன்று உண்டு. எண் பெரியது என்பதால் உயர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அது சிலிக்கோன், மற்றவற்றோடு சேராது. டாட் 5.1 வேறு, அது சேரும். சீல் பிரிக்காத ஒரு லிட்டர் பாட்டில் பெரும்பாலான கார்களுக்குப் போதும். போன வருடம் பிரித்து மிச்சம் வைத்த பாட்டில் வேண்டாம், அதுவும் ஈரம் குடித்திருக்கும்.

இன்னொரு விஷயம். அந்த சிரிஞ்சை அதற்கு முன் எஞ்சின் ஆயிலுக்கோ பவர் ஸ்டீயரிங் ஆயிலுக்கோ பயன்படுத்தினீர்களா? ஆம் என்றால் காரை எடுக்காதீர்கள். டப்பா மூடியைத் திறந்து உள்ளே உள்ள ரப்பரைப் பாருங்கள். அது ஊதி, மடிந்து, திரும்பப் பொருந்தாமல் இருந்தால் உள்ளே உள்ள சீல்களும் கெட ஆரம்பித்துவிட்டன என்று அர்த்தம். ஊதாமல் இருந்தாலும், வண்டியை இழுத்துக்கொண்டு போய் மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.

சரி, சிரிஞ்ச் சுத்தமானதுதான் என்று வைத்துக்கொள்வோம். சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கை நீட்டக் கூடாது, ஸ்டாண்ட் கட்டாயம். டப்பாவைத் தொடும் முன் நான்கு ப்ளீடர் நிப்பிளும் (சக்கரத்தில் ஆயிலை வெளியே விடும் ஸ்க்ரூ) அசைகிறதா என்று பாருங்கள். ரப்பர் தொப்பியைக் கழற்றி, துருவைப் பிரஷ்ஷால் தட்டி, துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஒரு மணி நேரம் விடுங்கள். ரிங் ஸ்பேனர்தான் போட வேண்டும், ஓப்பன் ஸ்பேனர் முனையை மழுங்கடித்துவிடும். அசையாத நிப்பிளோடு மல்லுக்கட்ட வேண்டாம். அது நடுவில் ஓட்டையுள்ள சிறிய ஸ்க்ரூ, முறுக்கினால் உடைந்து காலிப்பருக்குள் சிக்கிக்கொள்ளும். அங்கே நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் போவதுதான் சரி.

நிப்பிள்கள் அசைந்தால் அப்புறம் வேலை சுலபம். டப்பாவில் புது ஆயிலை நிரப்புங்கள். எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பதற்குக் கையேடு சொல்லும் வரிசைதான் முதல். எதுவும் சொல்லாவிட்டால் மாஸ்டர் சிலிண்டருக்கு (பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் சிலிண்டர்) தூரமான சக்கரத்தில் தொடங்குங்கள். நிப்பிளில் ஒளி ஊடுருவும் டியூபை மாட்டி, மறுமுனை கொஞ்சம் ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்கியிருக்கட்டும். பெடலில் ஒருவர், நிப்பிளில் நீங்கள். அவர் மெதுவாக மிதித்து "மிதிச்சாச்சு" என்றதும் நீங்கள் கால் சுற்று திறக்க வேண்டும். டியூபில் கருத்த ஆயில் ஓடி நின்றதும் மூடி, "விடுங்க" என்று நீங்கள் சொன்ன பிறகுதான் அவர் காலை எடுக்க வேண்டும். இந்த வரிசை ஒருமுறை மாறினாலும் காற்று உள்ளே போய்விடும். டியூபில் தெளிந்த புது ஆயில் வரும்வரை இப்படியே செய்துவிட்டு அடுத்த சக்கரத்துக்குப் போங்கள். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்துவிடுங்கள். வழக்கமாகப் போகாத ஆழத்துக்குப் பெடல் போனால், மாஸ்டர் சிலிண்டரில் படிந்த துருவில் சீல் உரசிக் கிழியலாம்.

ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை டப்பாவைப் பாருங்கள். இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன். ஒருமுறை பேச்சு சுவாரசியத்தில் நான் பார்க்காமல் விட்டுவிட்டேன். டியூபில் தெளிந்த மஞ்சள் நிறம் வந்துவிட்டது என்று மகிழ்ந்த நேரத்தில் சரசரவென்று சின்னச் சின்னக் குமிழ்கள் வந்தன. டப்பா காலி. மாலைக்குள் முடியவேண்டிய வேலை மறுநாள் முழுக்க இழுத்தது. ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள காரில் காற்று அந்த யூனிட்டுக்குள் புகுந்துவிட்டால், கையால் எத்தனை முறை ப்ளீட் செய்தாலும் முழுதாக வராமல் போகலாம். காரின் கணினியோடு இணைக்கும் ஸ்கேனர் வைத்து அதன் பம்ப்பை ஓடவிட வேண்டியிருக்கும்.

ஹைப்ரிட், எலெக்ட்ரிக் கார்கள், மின்விசையில் இயங்கும் பார்க்கிங் பிரேக் உள்ள கார்கள் என்றால் வீட்டில் கை வைக்க வேண்டாம். அவற்றில் பலவற்றுக்கு ஸ்கேனர் மூலம் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோன பிறகுதான் இந்த வேலையே செய்ய முடியும்.

ஆயில் பெயின்ட்டில் சிந்தினால் துடைக்காதீர்கள், உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். துடைத்தால் இன்னும் பரவும், பெயின்ட் உரியும். பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல், எஞ்சின் ஆயிலோடும் கலக்காமல், தனி பாட்டிலில் கழிவு ஆயில் வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டு, பெடலைப் பலமாக அரை நிமிடம் மிதித்துப் பிடியுங்கள். மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ கசிகிறது. பஞ்சுபோல இருந்தால் காற்று இருக்கிறது. இரண்டில் எதுவானாலும் சாலைக்கு எடுக்காதீர்கள். பெடல் கெட்டியாக நின்றால், நான்கு நிப்பிளையும் விரலால் தடவி ஈரம் இல்லை என்று பார்த்துவிட்டு, ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டி நாலைந்து முறை நிறுத்திப் பாருங்கள். அப்புறம் இன்றைய தேதியை ஒரு டேப்பில் எழுதி டப்பா மேல் ஒட்டிவிடுங்கள்.