தராசும் பத்து வருஷமும்

அன்புள்ள ஐயா,

போதைப்பொருள் வழக்குகளில் குறைந்தபட்சத் தண்டனையைத் தளர்த்த வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். மும்பை தாராவியில் எங்கள் தொண்ணூறடி ரோட்டுக்கு வந்து பாருங்கள். எம்.டி. (மெபெட்ரோன்) என்கிற போதைப் பவுடரால் பத்தாவது படிக்கிற பிள்ளைகள்கூடக் கெட்டுப்போகிறார்கள். போன மாதம் எங்கள் சந்தில் பொட்டலத்தோடு வந்த 19 வயதுப் பையனைப் பிடித்தார்கள். இப்போதுதான் கொஞ்சம் நிம்மதி. நீதிபதி இஷ்டத்துக்கு விட்டால் காசுள்ளவன் தப்பிவிடுவான். குறைந்தபட்சம் என்று ஒன்று இருந்ததால்தானே சஞ்சய் தத்தே உள்ளே போனார்?

தாராவி வாசகர்
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

சஞ்சய் தத் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆயுதச் சட்டத்தில் கீழ்க்கோர்ட் கொடுத்த 6 வருஷத்தை 2013இல் சுப்ரீம் கோர்ட் 5 ஆக்கியது. அதற்குக் கீழே சட்டம் விடாது. பாலியல் வன்முறை வழக்குகளில் ‘சிறப்பான காரணம்’ காட்டித் தண்டனையைக் குறைக்க இருந்த வாசலையும் அதே வருஷம் அடைத்தார்கள். அந்த வாசல் வழியாக யார் யார் போனார்கள் என்று தெரிந்தவர்கள் அதற்காக அழமாட்டார்கள். நானும்தான்.

ஆனால் எம்.டி.யை எடுத்துக்கொள்ளுங்கள். 50 கிராமைத் தாண்டினால் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் (என்.டி.பி.எஸ்.) அது ‘வணிக அளவு’. 10 வருஷத்துக்குக் குறையக் கூடாது. 49 கிராம் என்றால் ஒரு வருஷமா, பத்து வருஷமா என்பதை நீதிபதி பார்த்துக்கொள்ளலாம். நடுவில் இருக்கும் அந்த ஓரிரு கிராம் வெறும் கலப்பட மாவாகக்கூட இருக்கலாம். 2008இல் ஒரு வழக்கில், 4 கிலோ பவுடரில் சுத்த ஹெராயின் 60 கிராம்தான் என்று பார்த்துத் தண்டனையைக் குறைத்தது சுப்ரீம் கோர்ட். 2020இல் அதே கோர்ட், மாவையும் சேர்த்தே நிறுங்கள் என்றுவிட்டது. ஆக, பஞ்சநாமாவில் (பொருளைக் கைப்பற்றும்போது சாட்சிகள் முன்னால் போலீஸ் எழுதும் பத்திரம்) எடையை எழுதும்போதே பாதித் தீர்ப்பு எழுதியாகிறது. நீங்கள் பயப்படும் அந்த ‘இஷ்டம்’ எங்கும் போகவில்லை, கோர்ட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு இடம் மாறியிருக்கிறது. காசுள்ளவனுக்கு எது வசதி, சொல்லுங்கள்.

இன்னொரு வேடிக்கை. அந்தச் சட்டத்தின் 32பி பிரிவு, குறைந்தபட்சத்துக்கு மேலே போக நீதிபதி என்னென்ன காரணங்களைப் பார்க்கலாம் என்று பட்டியல் போடுகிறது. கீழே இறங்க ஒரு காரணம்கூட இல்லை. இத்தனைக்கும், மறுபடி மாட்டுகிறவர்களுக்கு இதே சட்டத்தில் இருந்த கட்டாயத் தூக்கை, நம்மூர் பம்பாய் ஹைகோர்ட் 2011இல் நீதிபதியின் முடிவுக்கு விட்டது. 2014இல் பாராளுமன்றமும் அதை ஏற்றுத் திருத்தியது.

நான் கேட்பது இவ்வளவுதான்: பத்து வருஷம் இருக்கட்டும். காரணத்தை எழுதிவைத்துவிட்டு நீதிபதி அதற்குக் கீழே இறங்கட்டும். பிடிக்காவிட்டால் அரசுத் தரப்பு அப்பீல் போகட்டும். பாலியல் வழக்குகளில் அடைத்த வாசலை இங்கே திறக்கச் சொல்கிறேனா? ஆமாம். இங்கே கூலிக்குச் சுமந்தவனையும் முதலாளியையும் ஒரே தராசில் வைக்கிறார்கள்.

உங்கள் சந்துப் பையனிடம் இருந்தது 50 கிராமுக்கு மேல் என்றால், தண்டனை முடிந்து வரும்போது அவனுக்குக் குறைந்தது 29 வயது ஆகியிருக்கும். நன்னடத்தைக் கழிவும் இந்தச் சட்டத்தில் கிடையாது. அவனிடம் பொட்டலத்தைக் கொடுத்து அனுப்பியவன் பெயர் குற்றப்பத்திரிகையில் இருக்கிறதா? விசாரித்து எழுதுங்கள்.