டெர்மினல் திரை ஏன் மினுக்குகிறது, கர்சஸ் அதை எப்படித் தவிர்க்கிறது?

நொடிக்கு ஒருமுறை திரையை முழுக்க அழித்துவிட்டு மறுபடி எழுதினால் மினுக்குகிறது, கர்சஸ் (டெர்மினல் திரையை வரைய உதவும் நூலகம்) பயன்படுத்தும் நிரல்களில் மட்டும் ஏன் அப்படி ஆவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

அழிப்பதற்கும் எழுதி முடிப்பதற்கும் நடுவே வெற்றுத் திரை ஒரு கணம் தெரிந்துவிடுகிறது. அதுதான் மினுக்கல். கர்சஸ், டெர்மினலில் இப்போது இருப்பது ஒன்று, அடுத்து இருக்கவேண்டியது ஒன்று என இரண்டு பிரதிகளை நினைவகத்தில் வைத்திருக்கும். நீங்கள் எழுதுவதெல்லாம் இரண்டாவதற்குத்தான் போகும். ரெஃப்ரெஷ் (refresh) என்ற அதன் செயல்கூறை அழைத்ததும் இரண்டையும் ஒப்பிட்டு, மாறிய இடங்களுக்கு மட்டும் கர்சரை நகர்த்தி எழுதும். ஆனால் கிளியர் (clear) அழைத்தால் முழுத் திரையையும் அழித்துத்தான் வரையும். அதனால் அதற்குப் பதில் இரேஸ் (erase) பயன்படுத்துங்கள். பலர் தடுக்கி விழும் இடம் இது.

மெதுவான இணைப்புகளின் காலத்தில் இந்தச் சிக்கனம் உயிர்நாடி. 80 நெடுவரிசை, 24 வரி என்றால் 1920 எழுத்துகள். 300 பாட் (இணைப்பு வேகத்தின் அலகு) மோடத்தில் நொடிக்குச் சுமார் 30 எழுத்துதான் போகும். ஒரு திரைக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிவிடும்!

சரி, நூலகமே வேண்டாம் என்றால்? எஸ்கேப் தொடரால் (டெர்மினலுக்குக் கட்டளையாகும் சிறப்பு எழுத்துத் தொடர்) கர்சரை மேல் இடது மூலைக்குக் கொண்டுபோய், பழையதன் மேலேயே எழுதுங்கள். ஒவ்வொரு வரியிலும் மிச்சப் பகுதியை மட்டும் அழியுங்கள். அப்புறம் முக்கியமாக, எல்லாவற்றையும் ஒரே சரமாகச் சேர்த்து ஒரே தடவையில் வெளியிடுங்கள். சின்ன நிரலுக்கு இது தாராளம். சாளர அளவு மாறுவது, அம்பு விசைகள் என்று வேலை வளர்ந்தால் கர்சஸின் இன்றைய வடிவமான என்கர்சஸுக்கே (ncurses) போய்விடுங்கள். வெளியேறும்போது, டெர்மினலைப் பழைய நிலைக்குத் திருப்பும் எண்ட்வின் (endwin) அழைக்காவிட்டால், ஷெல்லில் தட்டுவது கண்ணுக்கே தெரியாமல் போகலாம்.