கிராமில் இருக்கும் கேக் குறிப்பை ஸ்பூனில் அளப்பது எப்படி?

கேள்வி: சாக்லேட் கேக் குறிப்பில் மைதா 125 கிராம், சர்க்கரை 150, வெண்ணெய் 100, கோகோ பவுடர் 25, பேக்கிங் பவுடர் 5, ஆப்பசோடா 2 கிராம் என்று இருக்கிறது. என்னிடம் தராசு இல்லை. ஸ்பூனில் எவ்வளவு போடவேண்டும்? பன் செய்ய 7 கிராம் ஈஸ்ட் என்றால் எத்தனை ஸ்பூன்?

பதில்: முதலில் உங்கள் ஸ்பூனைச் சோதித்துவிடுங்கள். டீஸ்பூன் என்றால் 5 மில்லி, டேபிள்ஸ்பூன் என்றால் 15 மில்லி. காபி கலக்கும் ஸ்பூன்கள் வீட்டுக்கு வீடு மாறும். காய்ச்சல் சிரப்போடு வரும் சின்ன மூடியில் 5 மில்லி கோடு இருக்கும். அதுவரை தண்ணீர் பிடித்து ஸ்பூனில் ஊற்றுங்கள். வழியாமல் விளிம்பு வரை நின்றால் அது டீஸ்பூன்தான்.

ஸ்பூன் காட்டுவது கொள்ளளவு, எடை அல்ல. ஒரே டேபிள்ஸ்பூனில் சர்க்கரை 12 கிராமுக்கு மேல் பிடிக்கும், மைதா சுமார் 8, கோகோ 6 தான். அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே கணக்குப் போட முடியாது.

உங்கள் கேக்கில் நான் மிகவும் கவலைப்படுவது ஆப்பசோடாவைப் பற்றித்தான். தலைதட்டிய ஒரு டீஸ்பூன் சுமார் 5 கிராம். உங்களுக்கு வேண்டியது 2, அதாவது அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு. அரை ஸ்பூன் அளவை இல்லையென்றால், ஒரு டீஸ்பூனைத் தலைதட்டி ஒரு தாளில் கொட்டி, கத்தியால் நீளவாக்கில் பரப்பி நடுவில் கோடு போடுங்கள். ஒரு பாதியை எடுத்து, அதிலிருந்தும் ஒரு சிட்டிகையை ஒதுக்கிவிடுங்கள். ஒருமுறை அவசரத்தில் கோபுரமாக அள்ளிப் போட்டுவிட்டேன். கேக் நன்றாக உப்பி, பிறகு நடுவில் அமுங்கியது. வாயில் வைத்தால் சோப்பு வாடை. பேக்கிங் பவுடர் இந்த அளவுக்குப் பயமுறுத்தாது, 5 கிராமுக்கு ஒரு டீஸ்பூன் சரியாக இருக்கும்.

மைதாவை ஸ்பூன் ஸ்பூனாக எண்ணாதீர்கள். பதினாறு டேபிள்ஸ்பூன் எண்ணுவதற்குள் கணக்கு தவறும், ஒவ்வொரு ஸ்பூனின் சின்னப் பிழையும் கூடிக்கொண்டே போகும். 240 மில்லி கப்பில் தலைதட்டி ஒரு கப் எடுத்தால் சுமார் 125 கிராம். ஆனால் கப்பையே பாக்கெட்டுக்குள் விட்டு அமுக்கி அள்ளினால் 150 வரை ஏறிவிடும், கேக் வறண்டுபோகும். மாவை முதலில் கிளறிவிட்டு, ஸ்பூனால் மெதுவாகக் கப்பில் நிரப்பி, கத்தியின் முதுகால் வழித்துவிடுங்கள். தட்டவோ குலுக்கவோ வேண்டாம்.

சர்க்கரை முக்கால் கப். கோகோ 4 டேபிள்ஸ்பூன், அளக்கும் முன் கட்டிகளை உடைத்துக்கொள்ளுங்கள். வெண்ணெய்க்கு ஸ்பூனே வேண்டாம். 100 கிராம் பாக்கெட் என்றால் முழுதாக, 500 கிராம் என்றால் உறையோடு ஐந்து சம துண்டாகக் கீறி ஒன்றை எடுங்கள். உப்பு வெண்ணெயாக இருந்தால் குறிப்பில் உள்ள உப்பை விட்டுவிடலாம்.

அப்புறம் ஈஸ்ட். உடனடி ஈஸ்ட் லேசானது, ஒரு டீஸ்பூன் சுமார் 3 கிராம்தான். ஆகவே 7 கிராமுக்கு இரண்டேகால் டீஸ்பூன். மாவு சீக்கிரம் உப்பட்டும் என்று கூடுதலாகப் போடாதீர்கள், பன்னில் புளித்த வாடை அடிக்கும்.